காட்டேரிக் கதை படித்த அக்கா

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த காதோரம் நரைத்த அக்கா, என் முகத்தைப் பார்க்கும் முன் முழங்கை நரம்பைத்தான் பார்த்தார். ரத்த வங்கியில் வேலையாம். சோர்ந்த கண்களோடு கைபேசியில் ஜப்பானிய ரத்தக்காட்டேரிப் படக்கதை படித்துக்கொண்டு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் வெட்டுக்குத்து.

“நல்லா இருக்காக்கா?”

“சண்டையெல்லாம் நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். ஆனா ரத்தத்தை இப்படித் தரையில கொட்டுறானேன்னு எரிச்சலா வருது. ஒன்பது பாகம் முடிச்சிட்டேன்.”

“எரிச்சலா இருந்தா விட்டுரலாமே?”

“காலையில ஓ நெகட்டிவ் இல்லைன்னு ரெண்டு பேரைத் திருப்பி அனுப்புனேன். அழுதாக. இந்தக் கதையில எம்புட்டுக் கொட்டுனாலும் எங்கிட்ட வந்து யாரும் கேக்க மாட்டாக.”

உத்தமபாளையத்தில் இறங்கும்போது என் கையை மறுபடி பார்த்தார். என்ன குரூப் என்று கேட்கவில்லை.

எனக்கு ஓ நெகட்டிவ்தான். நானும் சொல்லவில்லை.