வாசலில் பார்த்த வேகம்

ஜங்ஷன், பாளையங்கோட்டை, டவுண் என்று ஊர் முழுக்க மூன்று கம்பெனி சிம்களோடு அலைந்து நெட் வேகம் பார்த்தேன். எங்கள் டவுண் வீட்டு வாசலிலும் வேகத்தில் முந்தி நின்ற சிம்மையே மனைவிக்கும் மாற்றிக் கொடுத்தேன். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம் என்பதை யோசிக்கவில்லை.

மறுவாரம் நான் ஆபீஸில் இருந்தபோது, அவள் பின்கட்டு அடுப்படியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். எனக்குப் பலமுறை போன் அடித்துப் பார்த்திருக்கிறாள். அங்கே சிக்னலே இல்லை. அரை மணி நேரம் கத்திய பிறகுதான் பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவரேறிக் குதித்து வந்தார்.

"உங்க வேகமெல்லாம் வாசலோட நின்னுட்டு" என்றாள், கட்டுப்போட்ட காலோடு. அவள் கோபப்படாததுதான் எனக்குச் சுட்டது.

இப்போது எந்த சிம் நல்லது என்று யார் கேட்டாலும், "மொதல்ல அடுப்படில நின்னு ஒரு போன் போட்டுப் பாரும் வே" என்கிறேன்.