ட்ரயல் பார்க்கப் போன ஸ்கூட்டர்

அன்று அந்தக் கோர்ட் அறையில் இருந்தது எட்டுப் பேர். மேலே மாஜிஸ்ட்ரேட் அம்மா. அவருக்குக் கீழே டைப் அடிக்கிறவர். சர்க்கார் வக்கீல். எங்கள் வக்கீல். கேஸ் கட்டோடு ஒரு கான்ஸ்டபிள். ஸ்கூட்டரின் சொந்தக்காரர். கூண்டில் என் வீட்டுக்காரர். கடைசி பெஞ்சில் நான். மற்ற கேஸ்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பயம் வந்தால் ஆட்களை எண்ணுவது என் பழக்கம், அதனால் கணக்கு தப்பாது.

என் வீட்டுக்காரர் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு டூவீலர் கடையில் மெக்கானிக். நாங்கள் குடியிருந்தது ஜீவனஹள்ளி. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் காஜா பட்டன் வேலை. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். ஓவர்டைம் முடிந்து அந்த பஸ்ஸுக்கு நிற்பதற்குள் என் மனசு என்னென்னவோ நினைக்கும். கதவைப் பூட்டினேனா, கேஸ் அடுப்பை மூடினேனா, பஸ் வராமலே போய்விட்டால்?

அதற்குத்தான் ட்ரயல். எந்த மெக்கானிக் கடையிலும் உள்ள வழக்கம் இது. வேலை முடிந்த வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு ரவுண்டு என்றால் தெருமுனை. இவருக்கு ரவுண்டு என்றால் பொம்மனஹள்ளி. ஓவர்டைம் நாளில் கம்பெனி கேட்டில் ஏதாவது ஒரு வண்டியோடு நிற்பார். காக்ஸ் டவுன் பல் டாக்டரின் வண்டி, பேக்கரிக்காரர் வண்டி, சர்ச் ஆர்கன் வாசிப்பவரின் வண்டி, எல்லாவற்றிலும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான்.

"யாராவது பாத்தா இன்னா பண்ணுவீங்க?" என்பேன்.

"ட்ரயல்டீ. லோடு இல்லாம பிரேக் எப்படித் தெரியும்? நீதான் என் லோடு."

"நான் லோடா?"

"அரிசி மூட்டைய ஏத்தினா பேசாது. உன்ன ஏத்தினா எந்தச் சத்தமும் கேக்க முடியல, அதான் கஷ்டம்."

திட்டுவேன். ஆனால் சில்க் போர்டு ஜங்ஷன் தாண்டியதும் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த ஸ்கூட்டர் தபால் இலாகாவில் ரிடையர் ஆன ஒரு பெரியவருடையது. நம் தமிழ்க்காரர்தான். பின் பிரேக் பிடிக்கவில்லை என்று விட்டிருந்தார். மறுநாள் வருகிறேன் என்று சொன்னவர் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். கடையில் முதலாளியும் இல்லை, வண்டியும் இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, வண்டி திருட்டுப் போய்விட்டது என்று நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

நாங்கள் வந்து இறங்கும்போது கடை வாசலில் அவரும் கான்ஸ்டபிளும் நின்றிருந்தார்கள். வழியில் வாங்கிய தென்னந்துடைப்பம் என் தோளில் துப்பாக்கி மாதிரி சாய்ந்திருந்தது.

"ட்ரயல் சார்," என்றார் இவர்.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார். "ஏனப்பா, ட்ரயல் பாக்க துடைப்பம் வேற வேணுமா?"

பெரியவர் சிரிக்கவில்லை. குனிந்து மீட்டரைப் படித்தார். "விடும்போது நான் பாத்து வச்சிருக்கேன். இருபத்தேழு கிலோமீட்டர் ஓடியிருக்கு. ட்ரயல்னா இவ்ளோ தூரமா?"

வண்டி திரும்பி வந்துவிட்டதால் திருட்டு என்று எழுதவில்லை. மோட்டார் வண்டிச் சட்டத்தில் வேறு ஒரு செக்‌ஷன் போட்டார்கள். சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் வண்டியை எடுத்து ஓட்டியது. மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வந்த அன்றே எனக்குள் மூன்று மாத வாடகை, சீட்டு, பால் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜெயிலுக்குப் போனவனை எந்தக் கடையில் சேர்ப்பார்கள்? பின்சீட்டில் உட்கார்ந்தவளையும் பிடிப்பார்களா என்று வேறு ஒரு பயம். அதை வக்கீலிடம் கேட்கவே நாலு நாள் ஆனது.

வக்கீல் எங்கள் பக்கத்துத் தெருப் பையன். பொறுமையாகச் சொன்னார். "உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்கக்கா. அண்ணனுக்கும் ஒரு வழி இருக்கு. கேட்டிருந்தா ஓனர் குடுத்திருப்பார்னு நியாயமா நம்பி எடுத்திருந்தா, தண்டிக்கக் கூடாதுன்னு அதே செக்‌ஷன்ல இருக்கு. அவர் மட்டும் 'குடுத்திருப்பேன்'னு சொல்லிட்டார்னா நம்ம வேலை சுலபம்."

ஒரே ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை பெரியவர் தெருவில் மூன்று முறை நடந்து, நாலாவது முறை கேட்டைத் திறந்தேன். அவரே காபி போட்டுக் கொடுத்தார். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"கோர்ட்ல கேக்கட்டும்மா. அங்க சொல்றேன்," என்றார். "காபி ஆறுது பாருங்க."

கோர்ட்டில் பேச்செல்லாம் கன்னடத்தில் நடந்தது. எங்கள் வக்கீல் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். "இவர் வந்து கேட்டிருந்தால் வண்டியைக் கொடுத்திருப்பீர்களா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "கொடுத்திருக்க மாட்டேன்."

நான் மறுபடி ஆட்களை எண்ண ஆரம்பித்தேன்.

"ஏன்?" என்றார் மாஜிஸ்ட்ரேட் அம்மா.

"பிரேக் இல்லைன்னுதான் வண்டிய விட்டேன். அதுல சம்சாரத்த ஏத்திக்கிட்டு ஓசூர் ரோட்டுல போறேன்னு கேட்டா எப்படிம்மா குடுப்பேன்? லாரிங்க எப்படி வருது அங்க!"

"பிரேக் சரி பண்ணிட்டுத்தான் சார் போனேன்!" என்று கூண்டிலிருந்து இவர் கத்தினார். அதுதான் அவருக்கு ரோஷம். திருடன் என்றாலும் பொறுத்துக்கொள்வார், பிரேக் பிடிக்கவில்லை என்றால் பொறுக்க மாட்டார்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா அவர் பக்கம் திரும்பினார். "அவ்வளவு நல்லா சரி பண்ணியிருந்தா, அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாம்னுடுவாருன்னுதான் மேடம் கேக்கல."

எங்கள் வக்கீல் கையிலிருந்த கட்டால் நெற்றியில் தட்டிக்கொண்டார். டைப் அடிக்கிறவர் கூட நிமிர்ந்து பார்த்தார். சட்டம் கொடுத்த ஒரே வழியை இந்த மனுஷன் தன் வாயாலேயே அடைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கூண்டில் நேராக நின்று, கேட்டதற்கு உண்மை சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு என்னைத் தேடிய அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

முந்நூறு ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் பத்து நாள் உள்ளே. ஜெயில் இல்லை என்றதும் உட்கார்ந்தேன், உடனே எழுந்தேன். என் பர்ஸில் இருந்தது நூற்று எண்பது. சாயங்காலத்துக்குள் கட்ட வேண்டும், யாரிடம் ஓடுவது? வராந்தாவில் பெரியவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் கண்ணில் படவில்லை.

"சார், நூத்தி இருபது குறையுது."

இவர் என் முந்தானையை இழுத்தார். "அவர்கிட்டயாடீ கேக்கற?"

"ஆமா, கேக்கறேன். ஒருத்தராவது கேட்டுப் பழகணும் வீட்ல."

பெரியவர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். சட்டைக்குள் கை விட்டு ஒரு நூறும் இரண்டு பத்தும் எடுத்தார். "கடன்தான். தானம் இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

அப்புறமும் ஸ்கூட்டரை இவரிடம்தான் விட்டார். சர்வீஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்க மாட்டார். கூலியை முழுசாகக் கொடுப்பார், கடனைத் தனியாக வாங்கிக்கொள்வார். மாதம் இருபதாக நாலு மாதம் கொடுத்தோம். ஐந்தாம் மாதம் போனால் வீடு பூட்டியிருந்தது. ஹூப்ளியில் இருக்கும் மகளிடம் போய்விட்டாராம், விலாசம் யாருக்கும் தெரியவில்லை. இன்னும் அவருக்கு நாற்பது ரூபாய் தர வேண்டும்.