வெறுங்கால் ரிஸ்கானின் சிவப்பு மஸ்டா

செருப்பை அசனார் காக்காவின் தேத்தண்ணிக் கடை வாசலில் கழற்றி விட்டுத்தான் ரிஸ்கான் காரில் ஏறுவார். இரண்டே இரண்டு சீட், வெயிலில் நிறம் மங்கிய சிவப்பு மஸ்டா. "பள்ளிவாசலுக்குள்ளயா போறீங்க?" என்று ஏறாவூரே கேட்டு ஓய்ந்துவிட்டது. "பெடல் பேசுறது வெறுங்காலுக்குத்தான் கேக்கும்" என்பார். அவர் திரும்பி வரும்வரை செருப்புக்கு அசனார் காவல்.

வயது நாற்பத்தைந்து. துபாயில் பதினொரு வருடம், பணக்காரர்களின் கார்களை வீட்டுக்கும் கராஜுக்கும் ஓட்டிக் கொடுக்கும் வேலை. லம்போர்கினி, பெராரி எல்லாம் அவர் கைக்குள் வந்து போனவை. இப்போது ஊரில் கார் திருத்துகிறார். எந்தக் காருக்குக் கீழே படுத்திருந்தாலும் பேச்சு ஒன்றுதான்: "ஓட்டுற சந்தோசம் அதுகள்ல இல்ல, என்ட மஸ்டாவுலதான்." எட்டாத பழம் புளிக்கும் என்று அசனார் ஒருநாள் சொல்லிவைக்க, 'புளிப்பு ரிஸ்கான்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? துபாய்க் கதையே பொய் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். மனிதர் சிரித்து மழுப்புவார். உள்ளே நன்றாகவே வலித்தது.

போன வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம், மஞ்சள் லம்போர்கினி ஒன்று கடைக்கு முன்னாலுள்ள வேகத்தடையில் ஏற முடியாமல் தயங்கி நின்றது. ஓட்டி வந்தவர், பாசிக்குடாவில் ஒரு கலியாணத்துக்குப் போகிற கொழும்பு வியாபாரி ஜொய்சன். பிறந்தது மட்டக்களப்பு டவுனில்; அங்கிருந்துதான் வருகிறார். கார் வாங்கி ஒரு மாதம்தானாம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிஸ்கான் போனார். "சேர், நடுவுல மூக்கத் தூக்குற பொத்தான் ஒண்டு கிடக்கும். அத அமத்திட்டுச் சரிவா ஏத்துங்க." கார் உரசாமல் ஏறி இறங்கியது. துபாய் பொய்யில்லை என்பது அந்த நிமிடமே ஊருக்கு விளங்கிவிட்டது.

அசனார் விடவில்லை. "சேர், உங்கட காரை விட இவர்ட மஸ்டாதான் நல்லமாம். நீங்க ஓம் எண்டு சொன்னா, இண்டையோட நாங்க வாயப் பொத்துறம்."

ஜொய்சன் சிரித்தார். ரிஸ்கான் சிரிக்கவில்லை.

"இதுல ரெண்டாவது கியர முழுசா இழுத்துப் பாத்திருக்கீங்களா சேர்?"

"எங்க இழுக்கிறது? அதுக்கு முதல் பொலிஸ் நிப்பாட்டிடும்."

"அதான் சேர். பாவம், அது நித்திரையிலதான் ஓடுது. வாங்க."

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ரிஸ்கான் அவரை மஸ்டாவில் ஏற்றிக்கொண்டார். சித்தாண்டிப் பக்கம், வயல் வட்டைகளுக்குள்ளால் வளைந்து வளைந்து போகும் பாதை. வேக முள் ஐம்பதைத் தாண்டவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் எஞ்சின் முழுத் தொண்டையில் பாடியது. முதல் வளைவில் ஜொய்சன் கதவை இறுகப் பிடித்தார். மூன்றாவதில் வாய்விட்டுச் சிரித்தார். ரோட்டில் நெல் காயப் போட்டிருந்த இடத்தில் மட்டும் ரிஸ்கான் மெதுவாக ஒதுங்கிப் போனார்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது கடையே வாசலுக்கு வந்து நின்றது.

"என்ன சேர், சொல்லுங்க!" என்றார் அசனார்.

ஜொய்சன் லம்போர்கினிச் சாவியை அசனாரின் கையில் வைத்தார். குனிந்து சப்பாத்து இரண்டையும் கழற்றி, ரிஸ்கானின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு மஸ்டாவின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தார்.