ஊருக்குக் கொண்டுபோகிற பணம்

எழுபதுகளின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். வந்த புதிதில் எங்களில் ஒருவன் காய்ச்சலில் செத்துப்போனான். உடம்பை ஊருக்கு அனுப்ப வண்டி வாடகைக்குக் காசில்லை. இங்கேயே புதைத்தோம். அவன் அப்பா வந்து மண்மேட்டைப் பார்த்துவிட்டு, நாங்கள் நீட்டிய டீயை வாங்காமல் பஸ் ஏறிவிட்டார். அந்த அவமானத்தில்தான் சாவுச் செலவுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தோம்.

மாசம் ஆளுக்கு அஞ்சு ரூபாய். பொருளாளர் நான். விதிகளை எழுதியதும் நான்தான். உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் என் ஒரு கையெழுத்தில் பேங்கில் பணம் எடுக்கலாம். வேறு எதற்கென்றாலும் பொதுக்குழு கூட வேண்டும், பாதிப் பேராவது வர வேண்டும். சாவைத் தவிர அப்படி என்ன அவசரம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன், முட்டாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பணம் நன்றாகச் சேர்ந்தது. ஒருத்தன் கல்யாணத்துக்குக் கைமாத்து கேட்பான், இன்னொருத்தன் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் என்பான். ஒரு பைசா எடுக்க விடமாட்டேன். "புதையல் காக்கிற பூதம்டா இவன்" என்று கேன்டீனில் கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம், என்னோடு ஒரே ரூமில் நாலு வருஷம் இருந்தவனுக்குக் குடலில் கட்டி வந்தது. பெங்களூரில் உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும், முன்பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்றார்கள். அவன் பெண்டாட்டி கம்பெனி கேட்டில் வந்து நின்றாள்.

"நகையெல்லாம் வச்சாச்சுண்ணே. பத்தல. சங்கத்துல இருந்து குடுங்க, மாசாமாசம் கழிச்சுக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டு எடுத்துத் தர்றேம்மா" என்றேன். பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பலருக்கு ஓவர்டைம். சிலர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு ஆறு பேர் குறைந்தது. சைக்கிளை எடுத்துப் போய்க் கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்திருக்கலாம். செய்யவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும். அடுத்த ஞாயிறு என்று தள்ளிவைத்து மினிட்ஸ் நோட்டில் எழுதினேன். வியாழக்கிழமை அவன் போய்விட்டான்.

பேங்கில் அரைமணி நேரத்தில் பணம் கிடைத்தது. ஊர்வரைக்கும் வேன் வாடகை, அவள் கேட்ட தொகையைவிட அதிகம். பணம் கொடுத்தால் வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் நான் எழுதிய விதி. வேன் கதவுப் பக்கத்தில் நோட்டை நீட்டினேன். அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டாள்:

"இதுக்குக் கூட்டம் வேண்டாமாண்ணே?"