கொளஞ்சியப்பனின் இடது கால்

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் வண்டி நின்றதும், கடைசி ஆள் இறங்கும்வரை காத்திருந்து, கொளஞ்சியப்பன் பின்சீட்டில் மல்லாந்து படுத்துவிடுவார். இடது காலைத் தூக்கிச் சன்னல் கம்பியில் வைத்துக்கொள்வார். பாதம் எப்போதும் ஆளில்லாத மதில் பக்கம்தான் பார்த்திருக்கும். டிரைவர் சாமிதுரை வண்டியைத் திருப்பி நிறுத்தினால், இவரும் எழுந்து தலைமாடு கால்மாடு மாற்றிப் படுப்பார். யாராவது ஒருவர் ஏறினால் போதும், கால் கீழே இறங்கிவிடும். "வாங்க வாங்க, அரியலூருங்களா? உக்காருங்க." அரியலூர்க் கல்லூரியில் நான் சேர்ந்த வருடத்திலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். பட்டம் வாங்கியும் பல வருடங்கள் ஆகிவிட்டன.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். சொந்த ஊர் மீன்சுருட்டி. ஒல்லியான உடம்பு, உயரம் அதிகம். பஸ்ஸின் கூரைக்காகவே கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பழகியவர். தரையில் நிற்கும்போதும் அந்தச் சாய்வு போகாது. எதையோ சந்தேகப்படுகிறவர் போலத் தெரியும். உண்மையில் யாரையும் சந்தேகப்படத் தெரியாதவர். டிக்கெட் வாங்காமல் இறங்கப் பார்க்கிறவரிடம் அவர் சொல்வது இவ்வளவுதான்: "மறந்துட்டீங்க போலருக்கு. நானும் மறந்துடுவேன், ஆனா செக்கரு மறக்க மாட்டாரு."

என்னிடம் அவருக்குத் தனிப் பிரியம். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவன் நான் என்பது அவருக்குத் தெரியும். வேலை தேடி அலைந்த நாட்களில், திருச்சிக்காரர்கள் சீட்டில் விட்டுப்போகும் செய்தித்தாள்களிலிருந்து வேலை விளம்பரப் பக்கத்தை மட்டும் உருவி, காக்கிச் சட்டைக்குள் வைத்திருப்பார். என்னைக் கண்டதும் நீட்டுவார். "தம்பி, விலங்கியலுக்கு ஏதும் போட்டுருக்கானான்னு பாரு. எனக்கு இங்கிலீசு ஓடல." பக்கம் வியர்வையில் நனைந்து சூடாக இருக்கும். அந்தப் பக்கங்களால் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் என்னை மறக்காத ஒருவர் இந்தச் சாலையில் இருக்கிறார் என்ற நினைப்பு கிடைத்தது. அப்போது எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

ஒருநாள் பேன்ட்டைச் சுருட்டிக் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே நீலமும் பச்சையுமாக, மண்புழுக்கள் தோலுக்கடியில் நெளிவது போல நரம்புகள் புடைத்திருந்தன. கணுக்கால் கறுத்துப் பளபளத்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சுங்கறாங்க. சாயங்காலமானா கல்லு கட்டின மாதிரி கனக்குது." முன்னாலிருந்து சாமிதுரை குரல் கொடுத்தார்: "மீன்சுருட்டிக்காரனுக்கு நரம்பு சுருட்டாம வேற என்னய்யா சுருட்டும்?"

நான் கல்லூரியில் இதயத்தைப் படம் வரைந்து, சிவப்பும் நீலமும் தீட்டி மதிப்பெண் வாங்கியவன். காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி மேலே ஏறியாக வேண்டும். ஏறியது சறுக்கி விழாமலிருக்க வழியெல்லாம் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. வருடக்கணக்காக நின்றே பிழைப்பவர்களுக்கு அவை தளர்ந்து ரத்தம் கீழேயே தேங்கிவிடும். இதெல்லாம் எழுதிய பரீட்சைதான். அந்த நீலக்கோடு ஒரு மனிதரின் காலில் இப்படி இருக்கும் என்று மட்டும் ஏன் தோன்றவேயில்லை?

டாக்டர் அவரிடம் சொன்னது இரண்டே விஷயம்: இறுக்கமான காலுறை போட வேண்டும், நேரம் கிடைக்கும்போதெல்லாம் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். காலுறை வெயிலில் அரிக்கிறதென்று பாதி நாள் பையிலேயே கிடந்தது. காலை உயர்த்துவதோ இன்னும் கஷ்டம். "சனங்க முன்னால காலத் தூக்கி வச்சிக்கிட்டுப் படுக்கறதா? நம்மள நம்பி ஏறுறவங்க தம்பி. அவங்க மூஞ்சிக்கு நேரா பாதத்த நீட்டினா வெளங்குமா?" அவர் வண்டியில் ஆள் இல்லாத நேரம் என்பது ஒரு நடைக்கு ஐந்து நிமிடம்கூடத் தேறாது. அந்த மரியாதைக்கு அவர் கால்தான் விலை கொடுத்துக்கொண்டிருந்தது.

2001, ஆனி மாதக் காற்று. வண்டி பேரளியைத் தாண்டியிருந்தது. யாரோ நகர்த்திய பால்கேனின் விளிம்பு அவர் கணுக்காலில் உரசியது. சின்னக் கீறல்தான். ஆனால் பேன்ட் நனைந்து, செருப்பு நிறைந்து, பலகையில் ரத்தம் ஓடியது. குழாயில் ஓட்டை விழுந்தது போலப் பீய்ச்சியது. அவரோ பணப்பையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, வலிக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே சரிந்தார். ஒருவர் துண்டால் முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினார். இன்னொருவர் காப்பித்தூள் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். ரத்தம் கூடுதலாகத்தான் வந்தது.

"தள்ளுங்க! கட்ட அவுத்து விடுங்க மொதல்ல!"

லெப்பைக்குடிகாட்டிலிருந்து வந்து, பெரம்பலூரில் வண்டி மாறியிருந்த ஓர் அம்மா. வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட மகனை அரியலூரில் ரயிலேற்றிவிடப் போய்க்கொண்டிருந்தார். துண்டை அவரே அவிழ்த்து வீசினார். "மல்லாக்கப் படுங்க. காலத் தூக்குங்க."

"வேணாம்மா, ஒங்க மேலயா? பாவம்மா..."

"பாவத்த நான் பாத்துக்கறேன், நீங்க தூக்குங்க. எங்க வூட்டு மனுசருக்கும் இதே காலுதான். வெக்கப்படுற நேரமா இது?"

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தம் தோளில் வைத்துக்கொண்டார். வெள்ளைத் துப்பட்டியின் முனையைச் சுருட்டிக் கீறலின் மேல் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் பீய்ச்சுவது நின்றது. சாமிதுரை எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஓட்டினார்.

அரியலூரில் வண்டி நின்றதும் மகன் குனிந்தான். "அம்மா, ரயிலுக்கு நேரமாச்சு."

"கைய எடுத்தா மறுபடி பீச்சும்டா அல்தாப்பு. பெட்டிய எடுத்துக்கிட்டு ஆட்டோவுல ஓடு. அல்லாகிட்ட ஒனக்காகத் துஆ செஞ்சுட்டேன்ல? போ."

அவன் பெட்டியை எடுத்தான். அம்மாவின் இரண்டு கைகளும் அந்தக் காலில் இருந்தன. அவர் தலையைச் சாய்த்து நெற்றியைக் காட்டினார். மகன் முத்தமிட்டுவிட்டு இறங்கினான்.

வண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போன அந்த அம்மா பிறகு வெளியே வந்தார். ஆட்டோக்காரர், "ரயிலு போயிருக்கும்மா" என்றார். "சரி" என்று மட்டும் சொல்லி, துப்பட்டியில் ரத்தம் பட்ட பக்கத்தை உள்ளே மடித்துப் போர்த்திக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் நடந்தார். பெயர் கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

கொளஞ்சியப்பனுக்குத் தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது காலுறையைக் கழற்றுவதில்லை. பணப்பையை அவர் வீட்டில் கொடுக்கப் போனபோது நடந்ததையெல்லாம் நான்தான் சொல்லியிருந்தேன், ரயில் போனது உட்பட. அவர் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டார். "பெத்த புள்ளைய வழியனுப்பாம என் காலப் புடிச்சிக்கிட்டு உக்காந்துருக்காங்க தம்பி. அவன் திரும்பி வர மூணு வருசமோ நாலு வருசமோ. இத நான் எங்க கொண்டு போயிக் குடுக்கறது?"

ஒரு விடுமுறை நாளில் லெப்பைக்குடிகாட்டுக்கே போனார். வெளிநாடு போன அல்தாப்பின் வீடு எது என்று பள்ளிவாசல் பக்கம் கேட்டிருக்கிறார். "எந்த அல்தாப்புங்க? தெருவுக்கு ரெண்டு அல்தாப்பு இருக்கான். வெளிநாட்டுச் சபுருக்குப் போகாத வூடு இங்க எது?" என்று சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். "எங்க பாத்தேன்? வெக்கத்துல கண்ண மூடுனவன் ஆஸ்பத்திரிலதான் தொறந்தேன். கொரலுதான் காதுல நிக்கிது." எனக்காவது நினைவிருக்கிறதா? பலமுறை யோசித்துவிட்டேன். இரண்டு கட்டைவிரல்கள்தான் தெரிகின்றன.

போன வாரம் அரியலூரில் ரயில் வந்த நேரம். லெப்பைக்குடிகாட்டுக் குடும்பம் ஒன்று ஏறியது. பெரியவர் பணத்தை நீட்டி, "பெரம்பலூர் மூணு" என்றார். கொளஞ்சியப்பன் டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார். பிறகு, முன்சீட்டில் துப்பட்டி போர்த்தி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் குனிந்து, "நீங்க எங்கம்மா போவணும்?" என்று கேட்டார்.

"அதான் சொல்லிட்டேனேங்க, மூணுன்னு" என்றார் பெரியவர்.

"இருக்கட்டுங்க. அவங்க சொல்லட்டும்."

சாமிதுரை எஞ்சினை உறுமவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். கொளஞ்சியப்பன் விசிலை உதட்டில் வைத்து, ஊதாமல், அந்த அம்மா வாய் திறப்பதற்காகக் குனிந்தபடியே நின்றார்.