எங்கள் வீட்டுத் தனுஷ்கோடி

போன வாரம் ஒருநாள் வயர் கூடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. இப்போதெல்லாம் என் போன் சும்மா அடிப்பதில்லை. கூப்பிடுகிறவர் பேரையும் சேர்த்துச் சொல்கிறது. மகன் லீவுக்கு வந்தவன் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுவிட்டு, "தெரியாத நம்பரா இருந்தாலும் பேரு சொல்லிரும்மா, ஏமாத்துறவன் கூப்பிட்டா எடுக்காம விட்ரலாம்" என்று சொல்லிப் போனான். நல்ல வசதிதான். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. தாலி கட்டிய நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத என் வீட்டுக்காரர் பேரை, அது அடுப்படியில் கிடந்துகொண்டு திரும்பத் திரும்பக் கத்துகிறது. முதல் தடவை முந்தானையைப் போட்டு அதன் வாயை மூடினேன். போனுக்கு வாய் எங்கே இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்.

அன்றைக்கு அது சொன்ன பேர் தனுஷ்கோடி.

கை வயரை விட்டுவிட்டது. போனை எடுத்து, ஹலோகூடச் சொல்லாமல், "ஏலே கோடி, எங்கடா போன, வா இங்கன" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து பயந்த குரலில், "அக்கா, பார்சல் வந்திருக்கு. தெரு முக்குலதான் நிக்கிறேன், வாரேன்க்கா" என்றான் ஒரு பையன். வந்தவனுக்கு மோர் கொடுத்து, பேர் யார் வைத்தது என்று கேட்டேன். "எங்க தாத்தா பேருக்கா." எந்த ஊர்த் தாத்தா, யார் வீட்டு வகை என்று விசாரித்தேன். நான் நினைத்த ஆள் இல்லை என்று தெளிவான பிறகுதான் ரெண்டாவது டம்ளர் ஊற்றினேன்.

எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம் இந்தப் பேர் தெருவுக்கு ஒன்று இருக்கும். பிள்ளை வரம் கேட்டு ராமேசுவரத்தில் முங்கி, தனுஷ்கோடி மணலை மிதித்துவிட்டு வந்தவர்கள், பிறக்கிற ஆண்பிள்ளைக்கு ஆசையாக வைக்கிற பேர். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் ரெண்டு முகம் வந்து நிற்கும். ஒன்று நான் வளர்த்த நாய். இன்னொன்று நான் இன்றைக்கும் மன்னிக்காத மனுசன். அமாவாசைக்குக் கடலில் முங்கும்போது எல்லாப் பாவமும் போகட்டும் என்று கும்பிடுவேன். இந்த ஒரு பகை மட்டும் என்னோடு இருக்கட்டும், அதைக் கரைத்துவிடாதே ராமநாதசாமி என்றும் கும்பிடுவேன். சாமி ரெண்டாவது வேண்டுதலை மட்டும் ஒழுங்காக நிறைவேற்றி வருகிறார்.

நான் பிறந்தது ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பக்கம் ஒரு ஊர். பள்ளத்தில் நெல், மேட்டுக்காட்டில் குண்டு மிளகாய். மிளகாய் காயப்போட்ட களத்தின் நெடி இருக்கிறதே, அது இன்றைக்கு எங்கே அடித்தாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் மிளகாய்க்காக என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குச் செவலை நினைவு வந்துவிடும்.

செவலை எங்கள் முதல் நாய். அதற்கு மிளகாய்க் காட்டைக் காப்பதுதான் வேலை. எதிர்வீட்டுத் தனுஷ்கோடி சின்னய்யா, எங்கள் அய்யாவுக்குச் சித்தப்பா மகன். அவருடைய ஆடுகள் எங்கள் காட்டையே பார்த்து நடக்கும். செவலை விரட்டும். ஒருநாள் விரட்டியதில் ஒரு குட்டிக்குக் கால் பிசகிவிட்டது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது செவலை தொட்டிப் பக்கம் கிடந்தது. வாயெல்லாம் நுரை. கருவாட்டுத் தலைக்குள் குருணை மருந்தை வைத்துப் போட்டிருக்கிறார்கள். பயிருக்குப் போடுகிற அதே மருந்து. அய்யா சாணித் தண்ணீரைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார். அது என் பாவாடை நுனியைக் கவ்விக்கொண்டே போய்ச் சேர்ந்தது. அந்தப் பாவாடையை நான் அதற்கப்புறம் கட்டவில்லை.

யார் செய்தது என்று தேட வேண்டியதே இல்லை. டீக்கடையில் சின்னய்யாவே சொன்னார்: "குருணை மருந்து வெள்ளாமைக்கு மட்டுமா? வேற நோவுக்கும் நல்லாத்தான்ப்பா கேக்குது."

அய்யா சண்டைக்குப் போகவில்லை. எனக்கு அதுவே பெரிய அவமானமாக இருந்தது. சாப்பிடாமல் கிடந்தேன். கொஞ்ச நாள் கழித்து, வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த மாமா ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைக் குட்டி, ஒரு காது மட்டும் கறுப்பு. அய்யா அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மடியில் வைத்து, பச்சைப் பிள்ளைக்குப் பேர் வைப்பதுபோல அதன் காதில் மூன்று தடவை பேரைச் சொன்னார். காதில் சொல்கிற பேரை மெதுவாகத்தான் சொல்வார்கள். அய்யா எதிர்வீட்டு ஓடு அதிரச் சொன்னார்.

"தனுஷ்கோடி. தனுஷ்கோடி. தனுஷ்கோடி."

ஆத்தாவுக்குப் பதறிவிட்டது. "புண்ணியத் தலத்துப் பேரப் போயி நாய்க்கு வைக்கிறீகளே, சாமி குத்தமாயிராதா?"

"பைரவருக்கே நாய்தான்டி வாகனம். குத்தம் வந்தா எனக்கு வரட்டும்" என்றார் அய்யா. அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார்: "தாயி, இத இனி எவனும் தொட மாட்டான். இது செத்தா ஊரு என்ன சொல்லும்? தனுஷ்கோடி செத்துட்டான்னு சொல்லும். அந்த வார்த்தையக் காதால கேக்க அவனுக்குத் தைரியம் கிடையாது."

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நீங்கள் என்னை என்ன நினைப்பீர்களோ. பெரியவர்கள் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்த்த பிள்ளை நான். இப்போது அந்தப் பேரை நாள் முழுக்கக் கத்தலாம், அடிக்க ஆளில்லை. சின்னய்யா வாசலில் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, "ஏலே தனுஷ்கோடி, கண்டதையும் தின்னாத" என்பேன். வெள்ளை வேட்டியோடு கிளம்பினால், "கிட்ட வராத தனுஷ்கோடி, நாத்தம் தாங்கல" என்பேன். தெருவில் போகிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். பாடத்தில் சுமார்தான் நான். இதில் மட்டும் நாளுக்கொரு வசனம் தானாக வரும்.

சின்னய்யா பொறுத்துப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினார். காளி கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஊருக்குத் தலைவரான எங்கள் அம்பலக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே விசாரித்தார்.

"நாய்க்கு எம்பேர வச்சுருக்கான், அம்பலம்."

"ஒம்பேரா?" என்றார் அய்யா. "ராமர் வில்லால கோடு கிழிச்ச எடத்துப் பேரு அது. ஒனக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்துருக்காகளா?"

"பேரை மாத்திருய்யா, வம்பு எதுக்கு" என்றார் அம்பலம்.

"நான் மாத்துறேன். அது மாறணும்ல."

நாயைக் கொண்டுவந்து தூரத்தில் விட்டார்கள். அம்பலம் மணி என்று கூப்பிட்டார். ராஜா என்று கூப்பிட்டார். அது உட்கார்ந்து காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. கடைசியில் அலுத்துப்போய், "ஏலே தனுஷ்கோடி" என்றார். நாய் எழுந்து ஓடி வந்தது. அதே நேரம் பின்னாலிருந்து, "சொல்லுங்க அம்பலம்" என்று சின்னய்யாவின் குரலும் வந்தது. பழக்கம், பாவம்.

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சின்னய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாய்க்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. எந்த நேரமும் அதன் வாயை மோந்து பார்ப்பேன். ஒரு கோடையில் அது சாப்பிடாமல் படுத்துவிட்டது. மருந்துதான் என்று நினைத்து நான் தெருவில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக் கண்டபடி கத்தினேன். கதவைத் திறந்துகொண்டு வந்தது சின்னாத்தா, அவருடைய சம்சாரம். முகமெல்லாம் வேர்த்து, கையில் ஒரு சொம்புக் கஞ்சி.

"தாயி, நாங்க ஒண்ணும் வைக்கல. அந்தக் காளி மேல சத்தியம்" என்றது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவுகளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றது.

எனக்கு முதலில் புரியவில்லை. நாயைத்தான் கேட்கிறது. புருசன் பேரை வைத்திருப்பதால் அதை அது இது என்று சொல்ல வாய் வரவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் குடிங்க" என்று கெஞ்சிக் கஞ்சியை ஊட்டியது. நாய் செத்தால் தன் தாலிக்கு ஆகாது என்று அதற்குப் பயம். காளிக்கு வேண்டிக்கொண்டு கயிறு மந்திரித்து வந்து கட்டியது. உடம்பு தேறிய பிறகும் தினமும் சோறு வரும், மீன் குழம்பு வைத்தால் தலையும் வரும். எங்கள் செவலைக்கு மருந்து வைத்த வீடு, எங்கள் நாய்க்குக் காவல் காத்தது. இதைவிட என்ன வேண்டும் என்று அய்யா மீசையைத் தடவுவார். எனக்குப் போதவில்லை. செவலை துடித்த துடிப்பில் பாதியாவது அந்த மனுசன் துடிக்க வேண்டும் என்று காளியிடம் வெள்ளிக்கிழமை தவறாமல் சொல்லி வந்தேன்.

காளி காதில் அது எப்படி விழுந்ததோ தெரியவில்லை. எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம், வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு, கோயிலுக்குப் போய் வந்து, படுத்தவர் படுத்தபடி சின்னய்யா போய்விட்டார். ஒரு இருமல்கூட இல்லை. வந்தவர்கள் எல்லாம், "என்ன புண்ணியம் பண்ணுனாரோ, சொர்க்கவாசல் தொறந்த அன்னைக்குப் போயிட்டாரு" என்றார்கள். பச்சைப் பிள்ளை மாதிரி நம்பிக் கிடந்த நாய்க்கு நுரை தள்ளின சாவு, அதைக் கொன்றவருக்குச் சொர்க்கவாசல். இந்தக் கணக்கைச் சாமி எனக்கு இன்னும் விளக்கவில்லை. நான் கேட்பதையும் விடவில்லை.

காரியம் முடிந்து சின்னாத்தா ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றது. வெறும் நெற்றி. அய்யா களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தார். நாய் அவர் பக்கத்தில் படுத்திருந்தது. சின்னாத்தா என்னைப் பார்த்துச் சொன்னது:

"தாயி, ஒரு தடவ கூப்புடேன்."

"யாரை?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நீ கூப்புடுவேல்ல, நாளு முழுக்க. இப்ப அந்தப் பேரச் சொல்ல ஆளே இல்லாமப் போச்சு. நாந்தான் சொல்லக் கூடாது. ஒரு தடவ சத்தமாக் கூப்புடு தாயி."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து அது வராது என்று முடிவு செய்துவிட்டேன். அய்யா கம்பைக் கீழே போட்டார்.

"ஏலே, தனுஷ்கோடி" என்றார்.

அவர் அந்த நாயைக் கூப்பிட்டு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இது அந்தக் கூப்பாடு இல்லை. சின்ன வயசில் ரெண்டு பேரும் கண்மாயில் ஒன்றாய் விழுந்து குளித்தவர்களாம். அந்தக் கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நாய் எழுந்து வந்து, கஞ்சி ஊற்றின கையைத் தெரிந்து, சின்னாத்தா பக்கம் போய் நின்றது. சின்னாத்தாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கூட்டிட்டுப் போகவா மச்சான்?"

"போ தாயி" என்றார் அய்யா.

"வாங்க" என்றது நாயைப் பார்த்து. "நம்ம வீட்டுக்குப் போவோம், வாங்க."

நாய் பின்னாலேயே போய்விட்டது. நான் தெருவுக்கு ஓடி என் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். எதிர்வாசலில் படுத்திருந்தது தலையைத் தூக்கிப் பார்த்தது, வாலை ரெண்டு ஆட்டு ஆட்டியது, மறுபடியும் தலையைக் கீழே வைத்துக்கொண்டது. செவலையைச் சின்னய்யா மருந்து வைத்து எடுத்தார். இதைச் செத்துப்போய் எடுத்துக்கொண்டார். அய்யா சமாதானமாகிவிட்டார். நான் ஆகவில்லை. கல்யாணத்துக்குச் சின்னாத்தா எனக்குப் பூ வைத்துவிட வந்தபோது தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்த நாய் பிற்பாடு அந்த வாசலிலேயே வயசாகிச் செத்தது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குச் சின்னாத்தா மறுபடியும் தலை முழுகியதாம்.

போன ஆடியில் காளிக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போயிருந்தேன். அய்யாவும் இல்லை, ஆத்தாவும் இல்லை, சின்னாத்தாவும் இல்லை. நாய்கள் இருக்கின்றன. ராக்கி, புருனோ என்று பேர். எந்த மனுசனுக்கும் உறைக்காத பேர்கள். பங்காளிச் சண்டையும் இருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. ஒருத்தன் நம்பரை ஒருத்தன் பிளாக் பண்ணிவிட்டுப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் டிவி பார்க்கிறார்கள். எதிர்வீட்டைச் சின்னய்யாவின் பிள்ளைகள் விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார்களாம். வீடு இருந்த இடத்தில் செல்போன் டவர் நிற்கிறது. கையில் இருந்த போனில் சிக்னல் நிறைந்து வழிந்தது.

எங்கள் பக்கத்தில் மனசு எரிந்தால் மண்ணை வாரித் தூற்றுவார்கள். தூற்றிய மண் அந்த இடத்தைச் சும்மா விடாது என்று நம்பிக்கை. பூசைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த டவரைப் பார்த்துத் தூற்ற நானும் குனிந்தேன். கையில் தட்டுப்பட்டது பேவர் பிளாக். எதிர்வீட்டு வாசல் இருந்த இடத்திலிருந்து தெரு முக்கு வரைக்கும் கல்லைப் பதித்து, இடுக்கையும் பூசிவிட்டார்கள். உட்கார்ந்து நகத்தால் கீறிப் பார்த்தேன்.

அந்த வழியாகக் குடத்தோடு வந்த பெண் நின்றாள். யார் வீட்டு மருமகளோ, எனக்குத் தெரியாத முகம். "என்னக்கா, தோடு கீடு விழுந்துருச்சா?" என்று கேட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். கல்லுக்குக் கல் தடவி ரெண்டு பேரும் அந்தத் தெருவில் வெகுதூரம் தேடினோம். ஒரு பிடி மண் அகப்படவில்லை.