எங்க வீட்ல யாரும் பாக்கதில்ல

மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் ஒதுக்கியதும் மருமகள் உள்ளறையில் போய்ச் சாய்ந்துவிடுவாள். அதுவரைக்கும் டிவி அவளுடையது. அவள் கண் அசந்த பிறகு, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற வரைக்கும் என்னுடையது. யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை, தானாக அமைந்தது. விளாத்திகுளத்துப் பக்கத்துக் கிராமத்தில் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு, வீட்டுக்காரர் போன பிறகு கோவில்பட்டிக்கு மகன் வீட்டுக்கு வந்தவள் நான். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்த இரண்டு மணி நேரமும்தான்.

அதிலும் என் மகன் கை வைத்தான். வருகிறவர்களிடமெல்லாம், "அம்மாவுக்குன்னு சாமி சேனல் வச்சுக் குடுத்திருக்கேன், அவங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்பான். எனக்கு ஆத்திரமாக வரும். வயது ஏறிவிட்டால் சாமியைத்தான் பார்க்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? எனக்கும் சாமிக்கும் உள்ளதை வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து நானே பேசிக்கொள்வேன். அதற்கு நடுவில் ஒருவன் மேசை போட்டு உட்கார்ந்து, மோதிரம் மோதிரமாகப் போட்டுக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டாம்.

மகன் கடைக்குப் போனதும் ரிமோட்டை எடுப்பேன். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனால் எண் தெரியும். எந்தச் சேனல் என்று, திரையின் மூலையில் நிற்கிற குறியை வைத்துக் கண்டுபிடிப்பேன். ஒன்றில் பெண்டுகள் அழுவார்கள். அடுத்ததில் அதே பெண்டுகள் வேறு சேலை கட்டிக்கொண்டு அழுவார்கள். வீட்டுக்குள் இருக்கிறவள் எவளாவது அத்தனை நகை போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுவாளா? இன்னொன்றில் ராசிக்கல் விற்பான். இன்னொன்றில் ஒருவன் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக் குலுங்குவான், தொப்பை கரையுமாம். களை வெட்டுகிறவளுக்குத் தொப்பை ஏது? தள்ளிக்கொண்டே போவேன்.

அப்படித் தள்ளிக்கொண்டு போன ஒரு நாளில்தான் அது கிடைத்தது. தெலுங்குச் சேனல். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. வெளியில் தமிழ், அடுப்பங்கரையில் தெலுங்கு என்று வளர்ந்தவள் நான். என் மருமகள் டவுனில் பிறந்தவள். அவளைப் பெற்றவர்களே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். அவள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். என் மகனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பேச மாட்டான்.

அந்தச் சேனலில் மத்தியானம் விவசாயம் காட்டுவார்கள். முதல் நாள் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கரிசல் மண். எங்கள் மண் மாதிரியே வெடித்துக் கிடந்தது. களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்தது. ஒரு பொம்பளை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வெளுத்துப் போன சண்டு வத்தலைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டே எங்கள் அம்மா பேசுகிற பேச்சைப் பேசினாள். பாதி சொல் புரியவில்லை. அவர்களுடையது வேறு மாதிரித் தெலுங்கு. கேள்வி கேட்டவன் மடிப்புக் கலையாத சட்டைக்காரன். வத்தலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கத்தினேன், "மடப்பயலே, கையை மொதல்ல மோர்ல கழுவுடா" என்று.

மருமகள் எழுந்து வந்து பார்த்தாள். "அத்தை, யார்கிட்டப் பேசுதீங்க?"

"உங்க வீட்டு ஆள்கிட்ட இல்ல. நீ போய்ப் படு."

அதற்குப் பிறகு தினமும் அதுதான். சண்டைக்கும் எனக்கு அவர்கள்தான். பாத்தி தப்பு, பறிப்பு தப்பு என்று திட்டிக்கொண்டே பார்ப்பேன். வீட்டில் திட்டுவதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

ஒரு நாள் அந்த எண்ணை அழுத்தினால் பொம்மைப் படம் ஓடுகிறது. எல்லா எண்ணையும் அழுத்தினேன். இல்லை. மறுநாளும் இல்லை. கேபிள்காரன் விளையாடுகிறான் என்று நினைத்து, முழங்கால் வலியோடு பஜாருக்கு நடந்தேன். டீக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவன் ஆபீஸ்.

"ஏலே, எங்க வீட்டு அடுப்பங்கரையில வந்து பானையை எடம் மாத்துவியா நீ? டிவியில மட்டும் மாத்துத?"

"ஆச்சி, உக்காருங்க மொதல்ல. என்ன சேனல் வரல?"

"தெலுங்கு."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "அதைத் தூக்கிட்டேன் ஆச்சி. பொம்மப் படம் போடுத சேனல் கேட்டாங்க, எடம் வேண்டியிருந்துச்சு. நானா எடுக்கல. தெருவுல வீடு வீடா கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"எங்க வீட்ல யாரைக் கேட்ட?"

"உங்க மவன் அண்ணாச்சியத்தான். வாசல்லயே நின்னாவ. 'எங்க வீட்ல தெலுங்கு யாரும் பாக்கதில்ல, தாராளமா எடு'ன்னாவ."

அவன் முன்னால் நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "அப்படியா, சரி" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். யாரும் பார்ப்பதில்லையாம். அப்படியானால் அந்த நாற்காலியில் தினமும் உட்கார்ந்திருந்தவள் யார்? வீடு வந்து சேரும் வரைக்கும் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு வந்தேன்.

என் மகனுக்கு வத்தல் கமிஷன் கடை. குண்டூரிலிருந்து வியாபாரி போனில் வந்தால் "செப்பண்டி, செப்பண்டி" என்று தெலுங்கில் தேனாக ஒழுகுவான். மூட்டை விற்பதற்கு அந்தப் பேச்சு வேண்டும். பெற்றவள் உட்கார்ந்து பார்ப்பதற்கு வேண்டாம்.

மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். மருமகளை நகரச் சொல்லிவிட்டுச் சோற்றுப் பானையை நான் எடுத்துக்கொண்டேன்.

"கேபிள்காரன்ட்ட என்னலே சொன்ன?"

கையை எடுக்காமலே அவன் ஏறிட்டுப் பார்த்தான். "அதுவாம்மா... பக்கத்துக் கடைக்காரங்க ரெண்டு பேரு வாசல்ல நின்னாங்க. அவங்க முன்னால போயி தெலுங்குன்னு..."

"அவங்க முன்னால போயி என்ன? குண்டூர்க்காரன் போன்ல வந்தா கொழையுதியே, அப்போ எவன் முன்னால நிக்கான்?"

"அது யாவாரம்மா."

ஒரு கரண்டி சோறு வைத்தேன். இன்னொரு கரண்டி வைத்தேன்.

"போதும்மா."

எனக்குக் காது கேட்கவில்லை. இன்னொன்று வைத்தேன்.

"போதும்னு சொல்லுதேன்லா!"

வைத்தேன். சோறு குவிந்து, குழம்பு தட்டின் விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடியது. மருமகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள், சிரிப்பை அடக்கவா பயத்தை அடக்கவா தெரியவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். சின்னப் பிள்ளையில் எந்தச் சொல்லைச் சொன்னால் என் கை நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. பானை அடியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது.

"சாலும்மா," என்றான். "சாலு."

போதும் என்பதற்கு எங்கள் அடுப்பங்கரைச் சொல். மெதுவாகச் சொன்னான். அதையும் தெருப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதில்தான் எனக்கு இன்னும் பற்றி எரிந்தது.

"இப்போ போயி கேபிள்காரன்ட்ட சொல்லு. எங்கம்மா பாக்குதாங்கன்னு சொல்லு. வீட்ல வயசானவங்க கேக்காங்கன்னு இழுக்காத. எங்கம்மான்னு சொல்லு."

அவன் போய்ச் சொன்னானா, என்னவென்று சொன்னான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் சேனல் வந்தது. கேபிள்காரன் அதைக் கடைசி எண்ணில் தள்ளிப் போட்டிருந்தான். படம் முழுக்க ஈசல் பறப்பது மாதிரிப் புள்ளி. விவசாயம் போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில் ஒருத்தி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பருப்புக் கடைந்தாள். நெய்யை அப்படி ஊற்றினாள், அவள் வீட்டில் மாடு எத்தனை நிற்கிறதோ! அந்த வத்தல் பொறுக்கிய பொம்பளை எங்கே போனாளோ, யாரிடம் கேட்க?

ஆனாலும் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து, சத்தத்தைத் தெருவுக்குக் கேட்கும்படி கூட்டி வைத்துப் பார்த்தேன். அவளைத் திட்டிக்கொண்டே பார்த்தேன்.

மருமகள் தூக்கம் கலைந்து எழுந்து வந்தாள். "பிடிக்கலைன்னா ஏன் அத்தை பாக்குதீங்க? மாத்த வேண்டியதுதானே?"

"மாத்துவேன்," என்றேன். ரிமோட்டை மடியில் போட்டுக்கொண்டேன். "எனக்கு எப்போ தோணுதோ, அப்போ மாத்துவேன்."